அவர் இன்னும் முடிக்கல

பிப்ரவரி 6

என்னங்க,

போன் பண்ணினா 'ம்' தவிர உங்க வாயில இருந்து ஒண்ணும் வர்றதில்ல. நேத்து அதுவும் வரல. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி பேசிட்டு வெச்சேன். அதான் எழுதறேன். கடுதாசி படிக்க வாய் தேவையில்ல பாருங்க.

பாப்பா நல்லா இருக்கா. அழுதா வீடே கிடுகிடுங்குது. உங்க குரல்தான், உங்க பழைய குரல். நம்ம பொண்ணுக்குத் தையல் ஆறிடுச்சு, ஆனா ஆள் பாதியா இளைச்சுட்டா. மாப்பிள்ளை காலையில போனா இருட்டினப்புறம்தான் வர்றார்.

மாத்திரை டப்பாவுல நீலம் காலையில, வெள்ளை சாப்பாட்டுக்கு அப்புறம். மெஸ்காரம்மா ரெண்டு வேளையும் கேரியர் கொண்டுவருவாங்க. கதவைத் தட்டினா திறங்க. உள்ள இருந்துக்கிட்டே அவங்களை நிக்க வைக்காதீங்க. குளிக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துக்கங்க.

இப்போ சொல்ல வந்த விஷயம். பிரசவத்துக்கு நாப்பது நாள்னு சொல்லிட்டு வந்தேன். பொண்ணு அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பணுமாம். ஆறு மாசம் இருக்க முடியுமான்னு கேட்டா. சரின்னுட்டேன்.

அவ கேட்டதுக்காக மட்டும் சரி சொல்லல. பொய் சொல்ல எனக்கு இப்போ தெம்பு இல்ல. உங்களுக்குக் கை கால் இழுத்துக்கிட்டு ரெண்டே கால் வருஷம் ஆச்சு. அந்தக் கல்யாண வீட்டு வாசல்ல எவனோ ஒருத்தன் உங்க பேச்சு குழறினதைக் கேட்டுட்டு, "பெரியவர் காலையிலேயே போட்டுட்டு வந்துட்டார் போல"ன்னு சிரிச்சான். அன்னைக்கு வீட்டுக்குள்ள போனவர்தான் நீங்க. பயிற்சிக்குக் கூப்பிட்டேன், வரல. தெருமுனை வரைக்கும் நடக்கலாம்னு கூப்பிட்டேன், வரல. உங்களோட நானும் உள்ளயே உக்காந்துட்டேன். இங்க வந்த மூணாம் நாள் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். முகத்துல வெயில் பட்டுச்சு. கண்ணு கூசி, தண்ணியா கொட்டுச்சு. பொண்ணு பயந்துட்டா.

கோபப்படாதீங்க. பட்டா எழுதுங்க.

*

பிப்ரவரி 19

மேஸ்திரிக்கு,

கடுதாசியிலயும் வேலை ஏவறவளை மேஸ்திரின்னுதானே எழுதணும். இடது கையால எழுதறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும்.

ஆறு மாசம் இரு. ஆறு வருஷம் வேணும்னாலும் இரு. நீ கேக்கல, சொல்லியிருக்கே. சரி.

மாத்திரை போடறேன். மெஸ்காரம்மா சாப்பாட்டுல உப்பு இல்ல. ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "துப்பணுமா?"ன்னு கேட்டு கிண்ணத்தை எடுத்துக் குடுத்தாங்க. இப்போ உப்பில்லாமலே பழகிட்டேன். டாக்டருக்கு சந்தோஷம்.

முப்பது வருஷம் இந்த ஊர் பூரா தண்ணிக் குழாய் போட்டவன் நான். பாத்ரூம் குழாய் சொட்டுது. ஸ்பேனர் பிடிக்கக் கை இல்ல. உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க விசேஷம் இதுதான்.

பாப்பாவுக்கு என் குரலா? பாவம்.

கை வலிக்குது.

*

மார்ச் 8

என்னங்க,

பேச வரலைன்னா எழுதிக் காட்டறது. எனக்கு ஒரு கடுதாசியே எழுதறீங்க, மெஸ்காரம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுத முடியலையா? 'உப்பு'ன்னு ஒரு சீட்டுல எழுதிக் கதவுல ஒட்டுங்க.

ஓடிப்போயிட்டேன்னு நீங்க எழுதல. ஆனா ஒவ்வொரு வரியிலயும் அதுதான் இருக்கு. ஆமா, ஓடித்தான் வந்தேன்னு வெச்சுக்கங்களேன். ஓடி வந்த இடத்துலயும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்துக்கறேன், துணி துவைக்கறேன், ஒரு உசுரைக் குளிப்பாட்டறேன். ஒரே வித்தியாசம், இந்த உசுரு என்னைப் பார்த்துச் சிரிக்குது.

எழுதியிருக்கக் கூடாது. அடிச்சா அசிங்கமா இருக்கும், அப்படியே விடறேன்.

சாயந்திரம் பக்கத்துப் பார்க்குல ரெண்டு பொம்பளைங்களோட உக்காருவேன். ஒருத்தி போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவ, இன்னொருத்திக்கு மூட்டு வலி. பேசறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. சலவைக்காரர் பட்டனை உடைச்சுட்டார், மருமக கதவைச் சாத்தினா, இவ்வளவுதான். ஆனா வீட்டுக்குத் திரும்பி வரும்போது இடுப்பு வலி குறைஞ்ச மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டாங்க. ஊர்ல வேலையா இருக்கார்னு சொன்னேன்.

நீங்க இந்தக் கடுதாசியை யார்கிட்ட குடுத்துப் போடறீங்க? தபால் பெட்டி தெருமுனையில தானே இருக்கு. ஒரு தடவை நீங்களே போடக் கூடாதா? நடந்தா உங்களுக்கு நல்லது.

*

ஏப்ரல் 2

மேஸ்திரிக்கு,

சீட்டு ஒட்டினேன். மறுநாள் ஒரே கரிப்பு. பழிவாங்கறாங்க போல.

ஒரு விஷயம் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமா மூணு நாளா எழுதறேன்.

போன வாரம் தெருவுல கேபிள் போட வந்தவங்க மெயின் லைனை உடைச்சுட்டாங்க. ரோடெல்லாம் தண்ணி ஓடுது, எந்த வீட்டுக் குழாய்லயும் ஒரு சொட்டு இல்ல. லைனை அடைக்கணும்னா தெருவோட வால்வை மூடணும். அது எங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ரெண்டு தடவை தார் போட்டதுல அடியில போயிடுச்சு. அவங்க கையில இருக்கிற வரைபடத்துல வால்வு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அது தப்பு. அந்த வால்வைப் போட்டதே நான்தான். அடியில பாறை வந்ததால இந்தப் பக்கம் தள்ளிப் போட்டோம். வரைபடத்தை யாரும் திருத்தல.

ஜன்னல்ல உக்காந்து பார்த்தேன். நாலு இடத்துல தோண்டினாங்க. நாலும் தப்பு. மூணாம் நாள் எனக்குப் பொறுக்கல. இறங்கினேன். முப்பத்தாறு படி. இறங்கும்போது கைப்பிடி இடது பக்கம், அதனால பரவாயில்ல. ஏறும்போதுதான் அது செத்த கைப் பக்கம் வந்துடும்.

காண்ட்ராக்டர்கிட்ட போய், "வால்வு இங்க இல்ல"ன்னு சொன்னேன். என் காதுக்கு அப்படித்தான் கேட்டுச்சு. அவன், "யாருங்க இது, காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறது? ஓரமா கூட்டிட்டுப் போங்க"ன்னான். நாலு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர் சிரிக்காம என் தோளைப் பிடிச்சு நடத்திக் கொண்டுபோய் ஒரு கல்லுல உக்கார வெச்சார். நல்ல மனுஷன். சிரிச்சவங்களைவிட அவர்மேலதான் எனக்கு ஆத்திரமா வந்தது.

மேல ஏறி வர இருபது நிமிஷம் ஆச்சு.

மத்தியானம் கதவு தட்டற சத்தம். எதிர்வீட்டு டெய்லரம்மா. தெரு சங்கத்துக்கு இப்போ அவங்கதான் செயலாளர். ஒரு கையில துணி வெட்டற பிரவுன் பேப்பர், இன்னொரு கையில மார்க் பண்ற சாக்கட்டி. "சார், நீங்க தண்ணி ஆபீஸ்ல ஃபிட்டரா இருந்தீங்களாமே, மருந்துக் கடைக்காரர் இப்பத்தான் சொன்னார். வால்வு எங்கன்னு வரைஞ்சு காட்டுங்க. அவசரமில்ல"ன்னாங்க. மூணு நாளா வீட்டுல தண்ணி இல்லாதவங்க சொல்றாங்க, அவசரமில்லைன்னு.

வரைஞ்சேன். மருந்துக் கடைப் படியில இருந்து பதினோரு அடி, கரண்ட் கம்பத்துக்கு இந்தப் பக்கம் ரெண்டு அடி. பேப்பரை வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பார்த்தா, "நீங்களும் வாங்க. நான் சொன்னா அந்த ஆள் நம்ப மாட்டான்"ன்னாங்க.

ரெண்டாவது தடவை இறங்கினேன். ஒண்ணரை அடி தோண்டினதும் கடப்பாரை டங்குன்னுச்சு.

காண்ட்ராக்டர் மன்னிப்பெல்லாம் கேக்கல. "எத்தனை சுத்து சார்?"ன்னான். விரலை மடக்கிக் காட்டினேன், பதினாலுன்னு. மூடினாங்க. தண்ணி நின்னுச்சு.

இந்தக் கடுதாசியை நானே போடல. காலு ரெண்டு நாளா எந்திரிக்கவே விடல.

*

ஏப்ரல் 15

என்னங்க,

உங்க கடுதாசியை நம்ம பொண்ணு சத்தமா வாசிச்சா. கடப்பாரை சத்தம் கேட்ட இடத்துல மாப்பிள்ளை கைதட்டினார். அவ அழுதா. நான் எழுந்து போய் பாப்பா துணியை ஊற வெச்சேன். ஏற்கெனவே துவைச்ச துணி.

எனக்கு சந்தோஷம் வரல. வரணும்னு பார்த்தேன், வரல.

ரெண்டே கால் வருஷம் உங்களைக் கெஞ்சியிருக்கேன். சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு நின்னிருக்கேன், போட்டுவிடறேன், கீழ வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு. நீங்க முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவீங்க. உங்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இப்போ ஒரு வால்வு கூப்பிட்டதும் ஒரே நாள்ல ரெண்டு தடவை இறங்கியிருக்கீங்க.

ஒரு இரும்புத் துண்டுக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லாம போச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் எழுத வரல.

*

மே 3

மேஸ்திரிக்கு,

பதினஞ்சு நாள் யோசிச்சேன். பதில் சரியா இருக்குமான்னு தெரியல.

நீ கெஞ்சினது என் நல்லதுக்கு. டாக்டர் சொன்னதும் என் நல்லதுக்கு. நடந்தா எனக்கு நல்லது, பேசினா எனக்கு நல்லது. அப்போ நடக்கலைன்னா நஷ்டமும் எனக்கு மட்டும்தானே, விட்டுத் தொலைங்கன்னு தோணும். டெய்லரம்மாவுக்கு என் நல்லதைப் பத்தி ஒரு கவலையும் கிடையாது. அவங்களுக்குத் தண்ணி வேணும். அது என்கிட்ட இருந்தது.

உனக்கும் என்கிட்ட ஏதாவது வேண்டியிருந்திருக்கும். நீ எதையும் கேக்க முடியாத மாதிரி நான் கிடந்தேன். அது என் தப்பு.

இன்னொரு கூத்து கேளு. சங்கத் தலைவர் வந்தார், அந்த ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். மாற்றுத்திறனாளிகளுக்குப் பாராட்டு விழா வெச்சு என்னை மேடை ஏத்தப் போறாராம். "நீங்க பேச வேண்டாம், சிரமப்படாதீங்க. சும்மா உக்காந்தா போதும்"ன்னார். சும்மா உக்கார எங்க வீட்டுலயே நாற்காலி இருக்குன்னு சொன்னேன். புரியல. எழுதிக் காட்டினேன். புரிஞ்சுது. டீயைப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டார்.

மறுநாள் டெய்லரம்மா வந்தாங்க. "விழா வேண்டாம்னா மாசக் கூட்டத்துக்கு வாங்க. எல்லாரையும் மாதிரி உறுப்பினரா"ன்னாங்க. போனேன். தலைவர் வீட்டு மாடியில கூட்டம், இன்னொரு இருபது படி. நோட்டுல இடது கையால கையெழுத்துப் போட்டேன். தண்ணி விடற நேரத்தைப் பத்திப் பேச்சு வந்தது. கை தூக்கினேன். "வடக்குப் பக்க வீடுகளுக்கு"ன்னு நான் இழுக்கறதுக்குள்ள தலைவர், "சார் சொல்ல வர்றது என்னன்னா"ன்னு எடுத்துக்கிட்டார். நான் சொல்ல வந்தது அது இல்லவே இல்ல. டெய்லரம்மா தலையைக்கூட நிமித்தல. நோட்டுல எழுதிக்கிட்டே, "அவர் இன்னும் முடிக்கல"ன்னாங்க.

எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. முப்பது பேர். எனக்கு வேர்த்துப் போச்சு. யாராவது குறுக்க பேசினா தேவலைன்னு இருந்தது. எப்படியோ முடிச்சேன். 'ஏழு மணி'யில ழ வரல, 'ஏயு'ன்னுதான் வந்தது. வடக்குப் பக்கம் இப்போ ஏழு மணிக்குத் தண்ணி வருது.

கூட்டத்துல எங்க ஆபீஸ் பழைய பம்ப் ஆபரேட்டரைப் பார்த்தேன். பின்தெருவுக்குக் குடி வந்திருக்கார். "நாலு தடவை உங்களைப் பார்க்க வந்தோம் அண்ணே. ஒவ்வொரு தடவையும் நீங்க தூங்கறீங்கன்னு அண்ணி சொன்னாங்க"ன்னார்.

நான் பகல்ல தூங்கறதே இல்லையே.

*

மே 20

என்னங்க,

முதல் தடவை நிஜமாவே தூங்கிக்கிட்டிருந்தீங்க. மத்த மூணு தடவையும் இல்ல.

ரெண்டாவது தடவை அவங்க நாலு பேர் இஸ்திரி போட்ட சட்டையில, கையில பழத்தோட வாசல்ல நின்னாங்க. நீங்க உள்ள இருந்து "யாரு"ன்னு கேட்டீங்க. அது 'யாரு'ன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு அது ஒரு சத்தம். ஒருத்தர் முகம் மாறினதைப் பார்த்தேன். தூக்கத்துல உளறறார்னு சொல்லிட்டேன். அவங்களும் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பழத்தைத்தான் நறுக்கி உங்களுக்குக் குடுத்தேன். எங்க வாங்கினேன்னு கேட்டீங்க. கடையிலன்னேன்.

உங்க மானத்தைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். பாதி அதுதான். மீதிப் பாதி, எனக்கு வெக்கமா இருந்தது. உங்க வாய் ஓரம் வழியறதை அவங்க பார்க்கக் கூடாதுன்னு இருந்தது. ஃபிட்டர் பொண்டாட்டின்னு முப்பது வருஷம் தலை நிமிந்து நடந்தவளாச்சே.

நீங்க வெளிய வரலைன்னு நான்தான் ஊரெல்லாம் சொன்னேன். கதவைச் சாத்தினதுல என் கையும் இருந்தது. போன கடுதாசியில உங்களை அவ்வளவு திட்டினேனே, அதை எழுதும்போதும் இது எனக்குத் தெரியும்.

*

ஜூன் 12

என்னங்க,

பதில் வரல. மெஸ்காரம்மாகிட்ட போன்ல கேட்டேன், நல்லா இருக்கீங்கன்னாங்க. சரி.

பாப்பாவுக்குப் பல் முளைக்குது.

*

ஜூன் 20

மேஸ்திரிக்கு,

உன் கடுதாசியைப் படிச்சதும் கோபம் வந்தது. ரொம்ப நாள் இருந்தது. யார்கிட்டயும் சொல்லல.

அப்புறம் யோசிச்சேன். நீ அவங்களை உள்ள விட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிச்சிருப்பேன். அதே பொய்தான். ஆனா அது என் பொய்யா இருந்திருக்கும். கோபம் அதுக்குத்தான். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.

டாக்டர்கிட்ட தனியாப் போயிட்டு வந்தேன். கை இனிமே இவ்வளவுதானாம், திரும்பாதாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிரஷர் இறங்கியிருக்கு, நீல மாத்திரை இனிமே பாதி போதும்.

செவ்வாய், வெள்ளி தெரு வால்வு திறக்கற பொறுப்பு என்னுது. டெய்லரம்மாவும் பம்ப் ஆபரேட்டரும் சாவியைத் திருகறாங்க. நான் சுத்தை எண்ணறேன், சத்தமா. நான் அடுத்த எண்ணைச் சொல்ற வரைக்கும் அவங்க திருக மாட்டாங்க. ஆறுக்கு அப்புறம் எப்பவும் கொஞ்சம் நேரம் ஆகும்.

பல் எந்தப் பக்கம்? மேலயா, கீழயா?

*

ஆகஸ்ட் 3

என்னங்க,

போன வாரம் அங்க வந்து நாலு நாள் உங்ககூட இருந்தும் இதைச் சொல்லல. எழுதினாத்தான் வருது இப்போ.

பொண்ணுக்கு லீவு கிடைச்சதும் உங்ககிட்ட சொல்லாம கிளம்பினேன். எப்படித்தான் இருக்கீங்கன்னு பார்க்கணும்னு இருந்தது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்தா வீட்டுல பூட்டு. ஆஸ்பத்திரின்னுதான் நெனச்சேன். மெஸ்காரம்மா கேரியரோட ஏறி வந்து, "கூட்டத்துக்குப் போயிருக்கார், ஏழு ஆகும்"ன்னு சொல்லிட்டு, என்னை விருந்தாளி மாதிரி பார்த்துட்டுப் போனாங்க.

படியில உக்காந்தேன், பையை மடியில வெச்சுக்கிட்டு. நான் இல்லாம நீங்க என்ன பாடு படறீங்களோன்னு இந்த ஆறு மாசமா அழுதிருக்கேன். அந்தப் படியில, அப்போ நான் எதுக்குன்னு ஒரு கேள்வி வந்துடுச்சு. நீங்க நல்லா இருக்கிறது எனக்கு வலிச்சது. சீன்னு இருந்தது என்னை நெனச்சு.

அப்புறம் எழுந்து தலைவர் வீட்டு மாடிக்கு வந்தேன். கதவோரம் நின்னேன், நீங்க பார்க்கல. "இந்தக் கூட்டத்தை"ன்னு ஆரம்பிச்சுட்டு நின்னுட்டீங்க. அடுத்த வார்த்தை வரல. அது என்னன்னு எனக்குத் தெரியும். 'கீழ.' உங்க வாய் அந்த ழவைத் தேடறது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. என் நாக்கு நுனிக்கே வந்துடுச்சு. டாக்டர்கிட்ட, பொண்ணுகிட்ட, பால்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் உங்க பேச்சை நான்தானே முடிச்சு வெச்சேன். நீங்க 'த'ன்னு வாயைத் திறக்கும்போதே தண்ணி டம்ளரோட நின்னவ. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். யாரும் அசையல. "இந்தக் கூட்டத்தைக் கீழ வெச்சா, படி ஏற முடியாதவங்களும் வருவாங்க"ன்னு முடிச்சீங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. நீங்க திரும்பிப் பார்க்கறதுக்குள்ள நான் நம்ம படிக்கே வந்துட்டேன். ரெண்டு வருஷத்துல உங்க வாயால ஒரு முழு வாக்கியம் நான் கேட்டது அதுதான்.

செப்டம்பர் முதல் வாரம் வந்துடறேன். ஆனா பழையபடி உள்ளயே உக்கார மாட்டேன். இங்க காலையில பாப்பாவையும் தூக்கிக்கிட்டு ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு மூணு மணி நேரம் வேலைக்குப் போறேன். அங்கயும் அந்த மாதிரி ஏதாவது தேடிக்குவேன். உங்களைத் தூக்க மாட்டேன், இடுப்பு இல்ல. மேஸ்திரின்னும் எழுதாதீங்க. அந்த வேலை எனக்கு வேண்டாம்.

களைப்பு இன்னும் தீரல. வர்றதுக்குள்ள தீருமான்னும் தெரியல.

*

ஆகஸ்ட் 17

எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாம நேரா ஆரம்பிக்கிறேன்.

நீ கதவோரம் நின்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தை வந்தே இருக்காது.

கூட்டம் கீழ வந்துடுச்சு. டெய்லரம்மா கடை முன்னாடி தகரக் கொட்டகையில. போன ஞாயித்துக்கிழமை மூணு புது ஆளுங்க. அதுல ஒரு அம்மா சக்கர நாற்காலியில வந்தாங்க, நம்ம வீட்டுல இருந்து ஆறாவது வீடு. பதினாறு வருஷமா இந்தத் தெருவுல இருக்கோம், நான் அவங்களைப் பார்த்ததே இல்ல. அவங்க என்னைப் பார்த்திருக்காங்களாம், அவங்க ஜன்னல்ல இருந்து. வந்த முதல் நாளே குப்பை வண்டி நேரத்துக்காகத் தலைவர்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை. மனுஷன் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார்.

நீ படியில உக்காந்து நெனச்சதை ரெண்டு தடவை படிச்சேன். உன்னைத் தேடலைன்னு எழுதினா பொய். சாயந்திரம் வீட்டுக்கு வந்து கூட்டத்துல நடந்ததைச் சொல்ல ஆள் இல்ல. சுவத்துக்கிட்ட சொல்லிப் பார்த்தேன். அது ரொம்பப் பொறுமையாக் கேக்குது, ஆனா சிரிக்க மாட்டேங்குது.

உன்கிட்ட கேக்காம ஒண்ணு செஞ்சுட்டேன். இதே கட்டடத்துல கீழ் வீடு காலியாகுது. வீட்டுக்காரர்கிட்ட நானே போய்ப் பேசினேன். அரை மணி நேரம் ஆச்சு, உக்கார வெச்சுக் கேட்டார். நமக்குத்தான்னு சொல்லியிருக்கார். சமையலறை சின்னது. பின்னால ஒரு வாசல் இருக்கு, வெயில் வரும். உனக்குப் பிடிக்கலைன்னா எழுது, வேண்டாம்னு சொல்லிடறேன். கோபப்பட்டாலும் எழுது.

பிடிச்சிருந்தா நீ வர்றதுக்கு முன்னால சாமானெல்லாம் கீழ வந்துடும். நான் ஒண்ணையும் தூக்க முடியாது, நீயும் தூக்க வேண்டாம். பீரோவுக்கு நாலு பேர், கட்டிலுக்கு ரெண்டு பேர், பாத்திரத்துக்கு மெஸ்காரம்மான்னு டெய்லரம்மா நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க.

நீ வெறுங்கையோட வா.